கோயில் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய பட்டுத் துணியை எடைக்குப் போடாதீர்கள்

இலங்கை மலையகத் தோட்டக் கோயில்களின் பரிபாலன சபைத் தலைவர்மார், செயலாளர்மார், பொருளாளர்மார், திருவிழாக் கமிட்டி அண்ணன்மார், மாதர் சங்கத்து அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேக வேலை தொடங்கினால் முதலில் ஒழிக்கப்படுவது கோயில் ஸ்டோர் அறை. உடைந்த விளக்கு, ஓட்டை விழுந்த குடம், கரையான் அரித்த பலகை எல்லாம் வெளியே வரும். அவற்றோடு மூலையில் கிடந்த தகரப் பெட்டியும் வரும். திறந்தால் மக்கிய வாசனை. உள்ளே பழைய பட்டுத் திரைச்சீலை, சுவாமிக்குப் பின்னால் கட்டிய பட்டு, குடைச் சீலை, வாகனத்தின் மேல் போர்த்திய வெல்வெட். எல்லாவற்றிலும் சரிகைப் பூவேலை. சரிகை கறுத்துப்போய்த் தகரம் மாதிரி தெரியும். பார்த்தவுடன் "இதை வைத்து என்ன செய்ய?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். விற்காதீர்கள், எரிக்காதீர்கள், சவர்க்காரம் போட்டு அலசாதீர்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நான் ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண பிளவுஸ்களுக்கு ஆரி வேலையும் சர்தோசி வேலையும் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. சரிகை நூல் தினமும் என் கையில் புரள்கிறது. அதனால்தான் பழைய சரிகைக்கும் இன்றைய சரிகைக்கும் உள்ள தூரம் எனக்குக் கண்கூடு. இன்று நாங்கள் வாங்கும் சரிகையில் பெரும்பகுதி, உலோகப் பூச்சுப் பூசிய பொலியெஸ்டர் படலத்தை மெல்லிய நாடாவாக வெட்டி நூலில் சுற்றியது. அதைவிடச் சற்று நல்லது என்றால் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி. அந்தக் காலத்துச் சரிகை அப்படியில்லை. வெள்ளியை உருக்கி, மேலும் மேலும் சிறிய துளைகள் வழியாக இழுத்து முடிபோன்ற கம்பியாக்கி, அதைத் தட்டித் தட்டையாக்கி, சிவப்பு அல்லது மஞ்சள் பட்டு நூலின்மேல் இடைவெளி தெரியாமல் சுற்றி, மேலே தங்க முலாம் ஏற்றுவார்கள். குஜராத்தின் சூரத் இந்தத் தொழிலுக்குப் பெயர் போன ஊர். காஞ்சிபுரத்துப் பட்டுக்குப் போகும் சரிகையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது.

வியாபாரிக்கும் இது தெரியும். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு வந்து "பழைய பட்டு இருக்கா, சரிகைச் சேலை இருக்கா, கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல" என்று கேட்பவர் துணிக்காக வரவில்லை, உள்ளே இருக்கும் வெள்ளிக்காக வருகிறார். வாங்கிக்கொண்டு போய் மொத்தமாகக் கொளுத்துவார்கள். பட்டு சாம்பலாகும், உலோகம் மிஞ்சும். அதை உருக்கி அமிலத்தில் போட்டால் வெள்ளி கரையும், தங்கம் கரையாமல் அடியில் தங்கும். பிறகு இரண்டையும் தனித்தனியாக எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துக் கோயில், ஒரு பெட்டி நிறைய இருந்த பட்டை இப்படிக் கொடுத்துவிட்டது. கிடைத்த காசு திருவிழா இரவில் லவுட்ஸ்பீக்கருக்கும் ஜெனரேட்டருக்கும் சரியாகப் போனதாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையே என்ற வருத்தம்தான்.

இன்னொரு தோட்டத்தில், மாரியம்மன் கோயில் செயலாளர் ஐயா கொளுத்தக் கொடுக்காமல் ஒரு திரைச்சீலையை என் கடைக்குக் கொண்டுவந்தார். "இதைத் தைத்துச் சரிபண்ண முடியுமா பிள்ளை?" என்று கேட்டார். கட்டிங் மேசையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அரக்குச் சிவப்புப் பட்டு. நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்கும் மயில்கள். மயிலின் உடம்பு மேடாக எழும்பியிருந்தது. பருத்தி நூலை அடுக்கடுக்காக வைத்துத் தைத்து, அதற்கு மேல் சரிகையைப் பரப்பியிருக்கிறார்கள். பேனா ஸ்பிரிங் போலச் சுருண்ட பொற்கம்பியைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, மணி கோர்ப்பது மாதிரி ஊசியில் கோர்த்துத் தோகையின் ஒவ்வொரு கண்ணையும் நிரப்பியிருந்தார்கள். இன்றும் இதே வேலையைத்தான் நாங்கள் செய்கிறோம். ஆனால் அந்தத் துண்டுகளின் அளவு ஒன்றுக்கொன்று அச்சுப் பிசகவில்லை.

சரிகை நூல் துணிக்குள் போய்வரவும் இல்லை. உலோகம் சுற்றிய நூலை ஊசியில் கோர்த்துத் துணிக்குள் இழுத்தால் மேல்சுற்று உரிந்துவிடும். அதனால் சரிகையைத் துணியின் மேல் கிடத்தி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பட்டு நூலால் குறுக்கே குறுக்கே பிடித்துத் தைப்பார்கள். அந்தப் பிடி நூல் சில இடங்களில் இற்றுப்போயிருந்தது, அங்கே சரிகை கழன்று தொங்கியது. கழன்ற இடத்தில் அடியில் வெள்ளைக் கோடு தெரிந்தது. வேலைக்காரர் முதலில் வரைந்த கோடு. மயிலின் கால் விரலை ஒரு மாதிரி வரைந்துவிட்டு, தைக்கும்போது வேறு மாதிரி மாற்றியிருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதர் தம் மனதை மாற்றிக்கொண்ட இடம் நூறு வருடத்துக்குப் பிறகு என் மேசையில் தெரிந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

அடிப்பக்கம் எழுத்து. சரிகையாலேயே தைத்த எழுத்து. "ருத்ரோத்காரி ௵ மாசி ௴" (௵ வருடம், ௴ மாதம்) என்று தொடங்கி, தோட்டத்தின் தமிழ்ப் பெயர், பிறகு "தோட்டத்து ஆள்கள் உபயம்" என்று முடிகிறது. மலை என்ற சொல்லில் வரும் லை, பழைய தும்பிக்கைக் கொம்போடு இருந்தது. ருத்ரோத்காரி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும். 1923-24இல் வந்தது, திரும்ப 1983-84இல் வந்தது. 1983 ஆடிக் கலவரத்தில் நமக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பிந்திய மாசியில் எந்தத் தோட்டம் சரிகைத் திரைக்குக் காசு சேர்த்திருக்கும்? எழுத்தும் வெள்ளிச் சரிகையும் 1983 காலத்தவையும் அல்ல. ஆகவே இது 1924 பெப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் சாத்தப்பட்ட திரை.

உபயம் யாருடையது என்று திரும்பப் பாருங்கள். தோட்டத் துரை பெயர் இல்லை. ஆள் கூட்டி வந்து வேலை வாங்கிய பெரிய கங்காணி பெயர்கூட இல்லை. ஆள்கள். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல்தான் வந்தது. அதற்கும் மூன்று வருடம் முந்தியே, கங்காணிக் கடன் கழுத்தை நெரித்த நாளில், கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்து, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளிச் சரிகைத் திரை வாங்கி அம்மனுக்குச் சாத்தியிருக்கிறார்கள். எந்தத் தோட்டக் கந்தோர்ப் புத்தகத்தில் இது எழுதியிருக்கும்? செக்ரோல் என்ற வேலைப் பதிவில் அவர்கள் பெயரும் இலக்கமும் இருந்திருக்கும், அவர்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பது இருந்திருக்காது.

சபையினரே, நம் சனத்திடம் பத்திரம் குறைவு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நம்மவர்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்களிடம், எத்தனை வருடம் இங்கே தொடர்ந்து குடியிருந்தீர்கள், அதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரமே இல்லாதவர்கள் என்னத்தைக் காட்டுவார்கள்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. போனவர்கள் பித்தளை அண்டாவையும் தகரப் பெட்டியையும் விற்றுவிட்டுப் போனார்கள். இருந்தவர்களுடைய லயம் 1977இலும் 1983இலும் எரிந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலே 1983இல் தப்பவில்லை. இத்தனைக்கும் பிறகு ஒரு தோட்டத்துக் கோயிலில் வருடம், மாதம், ஊர், உபயகாரர் எழுதிய ஒரு பட்டு மிஞ்சியிருக்கிறது என்றால், அது அந்தத் தோட்டத்து ஆட்களின் பதிவேடு. நாம் இங்கே வந்த 200 வருட நினைவாக 2023இல் "மலையகம் 200" என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த 200 வருடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் பொருள்கள் எத்தனை இருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் முதலில் எழுதப்பட்டபோது, 1815 மார்ச் 2க்கு முற்பட்டதே தொல்பொருள் என்று எல்லை வைத்தது. கண்டி இராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன நாள் அது. கோப்பிக்கும் தேயிலைக்கும் நாம் இந்த மலைக்கு வந்ததெல்லாம் அந்தத் தேதிக்குப் பிறகு. அந்த எல்லையை வைத்துப் பார்த்தால் நம் சரித்திரம் முழுதும் வெளியே நிற்கிறது. ஆகவே நம் பொருளுக்கு முதல் காவல் நாம்தான், குறிப்பாகச் சாவி வைத்திருக்கும் நீங்கள்.

கண்டியில் பாருங்கள். எசல பெரஹெரா ஊர்வலத்தில் யானைகளுக்குப் போர்த்தும் சரிகைப் போர்வைகளையும் நிலமேமார் என்ற கோயில் அதிகாரிகளின் சரிகைச் சட்டைகளையும் எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறார்கள்! பட்டும் பொன்னூலும் இந்த மலைக்குப் புதிதல்ல. 1739இலிருந்து 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சத்துக்கு மதுரையிலிருந்துதான் பெண் வந்தது, உறவு வந்தது. அரச வீட்டுத் துணிக்கு இருக்கும் மரியாதை கூலியாள் கொடுத்த துணிக்கும் வேண்டும் என்பதே என் கேட்பு. கூலியாள் கொடுத்தது வயிற்றைக் கட்டிக் கொடுத்தது.

இனி, உங்களில் சிலர் கேட்கும் நியாயமான கேள்வி. கிழிந்த வஸ்திரத்தைச் சுவாமிக்குச் சாத்தக்கூடாதே, ஆற்றில் விடுவதும் அக்கினியில் இடுவதும் வழக்கம்தானே? சரிதான், சாத்த வேண்டாம். வருடா வருடம் வரும் சாதாரணப் பட்டுகளை உங்கள் கோயில் வழக்கப்படி பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுங்கள், ஏலம் விடுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். நான் பேசுவது கை வேலைப்பாடும் எழுத்தும் உள்ள நாலைந்து பழைய துணிகளைப் பற்றி மட்டும். அவற்றை வழிபாட்டிலிருந்து எடுத்துத் தனியாகப் பத்திரப்படுத்தலாமா என்று உங்கள் கோயில் ஐயரிடமோ பூசாரியிடமோ கேளுங்கள். நான் கேட்ட ஐயர்மார் யாரும் மறுக்கவில்லை. திருவிழாவுக்கு அதே மாதிரியில் புதிது ஒன்று செய்து கட்டிக்கொள்ளலாம், இன்றைய சரிகையில் அது பெரிய செலவும் இல்லை.

சபையே நல்ல மனதோடு செய்யும் சில வேலைகள்தான் இந்தத் துணிகளைச் சீக்கிரம் கொல்கின்றன. அதனால் பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, கறுப்பைத் தேய்த்து எடுப்பது. காற்றில் உள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்வதால் வரும் கறுப்பு அது. கற்பூரப் புகையும் எண்ணெய்ப் புகையும் அதன்மேல் இன்னொரு படையாகப் படிகின்றன. குத்துவிளக்கைத் துலக்குவது மாதிரிப் புளி, எலுமிச்சை, பற்பசை, அப்பச்சோடா எதையாவது போட்டுத் தேய்த்தால் கறுப்போடு மேலிருக்கும் தங்க முலாமும் போய்விடும். அந்த முலாம் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு மெல்லியது. புளியின் அமிலம் உள்ளே இருக்கும் பட்டு நூலில் ஊறி அதையும் அரிக்கும். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். கறுத்த சரிகை உயிரோடு இருக்கிறது, தேய்த்துப் பளபளக்க வைத்த சரிகையில் பாதி போய்விட்டது.

அடுத்தது தண்ணீர். பழைய சிவப்பும் பச்சையும் சாயம் விடும், ஒரு முறை நனைத்தால் மயிலின் நீலம் தாமரைக்கு ஓடிவிடும். சவர்க்காரத்தின் காரம் பட்டுக்கு ஆகாது. ட்ரை கிளீனிங் கடைக்கும் கொடுக்காதீர்கள். தூசி மட்டும் எடுக்க வேண்டுமானால், சுத்தமான கொசுவலைத் துண்டை மேலே விரித்து, மெல்லிய பிரஷால் வலைக்கு மேலாகவே மெதுவாகத் தட்டுங்கள். கழன்ற சரிகை பிரஷில் மாட்டி இழுபடாமல் வலை காக்கும்.

நம் மலையில் பெரிய எதிரி ஈரம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கும் டிக்கோயா, தலவாக்கலைப் பக்கமும் மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் சுவரே வேர்க்கும். அந்த நேரத்தில் பட்டைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், செம்பு கலந்த சரிகை பச்சைக் களிம்பு ஏறும். நாளிதழில் சுற்றுவதும் கூடாது. மலிவான தாளில் அமிலம் உண்டு, அது துணியைப் பழுப்பாக்கும். இறப்பர் பட்டி போட்டுக் கட்டவே கட்டாதீர்கள். இறப்பரில் கந்தகம் இருக்கிறது. பட்டி கிடந்த இடத்தில் சரிகையில் கறுப்புக் கோடு விழுந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நப்தலீன் உருண்டையைச் சரிகையின்மேல் நேரே போடுவதும் தப்பு.

மடிப்பும் அப்படித்தான். பட்டு வளையும், சுற்றியிருக்கும் உலோகம் அத்தனை வளையாது. ஒரே மடிப்பில் வருடக் கணக்காகக் கிடந்தால் அந்தக் கோட்டில் சரிகை ஒடிந்து, பிறகு பட்டையே அறுக்கும். நீங்கள் பெட்டியைத் திறக்கும்போது துணி நேர்கோட்டில் கிழிந்திருப்பது இதனால்தான். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். கஞ்சி போக நன்றாக அலசிக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை அதன்மேல் நாலைந்து சுற்றுச் சுற்றி, பிறகு வேலைப்பாடு வெளிப்பக்கம் வரும்படி பட்டைத் தளர்வாகச் சுருட்டி, மேலே இன்னொரு பருத்தித் துணியால் மூடி, அகலமான துணி நாடாவால் கட்டுங்கள். பிவிசி குழாய் வேண்டாம், காலப்போக்கில் அதிலிருந்தும் அமிலம் கசியும். பெட்டியைத் தரையில் வைக்காமல், வெளிச்சுவரில் ஒட்டாமல், பலகை மேல் தூக்கி வையுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல வெயிலடிக்கும் ஒரு நாளில் எடுத்து நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். நேர் வெயில் கூடாது, வெயில் பட்டுக்கு விஷம்.

கிழிந்த இடத்தில் ஊசி போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தையல் தெரிந்த நானே செயலாளர் ஐயா கொண்டுவந்த அந்தத் திரையில் ஒரு தையல்கூடப் போடவில்லை. இற்றுப்போன பட்டில் புது நூல் போட்டால் நூல் நிற்கும், பட்டு கிழியும். மெல்லிய வலைத்துணியை அடியில் கொடுத்துத் தாங்க வைக்கும் முறைகள் இருக்கின்றன, ஆனால் அது பயின்றவர்கள் செய்யும் வேலை. சுருட்டி வைத்துவிட்டால் அவசரம் ஒன்றும் இல்லை.

கோயில் துணியோடு வீட்டுத் துணியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அம்மாயி கட்டிவந்த கூறைச்சேலை, காமன் கூத்துக்கும் அருச்சுனன் தபசுக்கும் ஆடியவர்கள் போட்ட சரிகை உடுப்பு, இவையும் அதே வியாபாரியின் சாக்குக்குள்தான் போகின்றன. கூத்து உடுப்புகள் பலவற்றில் வெள்ளி இருக்காது, வியாபாரி கழித்துப் போட்டுவிடுவார். அதற்காக அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது. மாதர் சங்கத்து அக்காமார் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னால் வீடு வீடாகப் போய்ச் சேரும்.

கடைசியாக, உங்களிடம் நான் கேட்பது. பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு முன்னால் நீங்கள் கூடும் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். ஸ்டோர் அறைப் பெட்டியைச் சபையில் இரண்டு மூன்று பேர் முன்னிலையில் திறந்து, ஒவ்வொரு துணியையும் முன்பக்கமும் பின்பக்கமும் போனில் படம் எடுங்கள். எழுத்து இருந்தால் அதைக் கிட்டத்தில், வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து எடுத்தால் இற்றுப்போன எழுத்தும் தெரியும். நீளம் அகலம், எழுத்தில் உள்ள வருடம், உபயகாரர், வயதானவர்கள் அதைப் பற்றிச் சொல்லும் கதை எல்லாவற்றையும் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். முதலில் வயதானவர்களைக் கேளுங்கள், துணியைவிட அவர்களுக்குத்தான் நாள் குறைவு. பொதுச் சபையின் அனுமதி இல்லாமல் பழைய பட்டு எதையும் விற்கவோ எரிக்கவோ கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள்.

வைக்க இடமே இல்லாத கோயில்கள் கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தோடு பேசிப் பாருங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையும் தொல்லியல் துறையும் இருக்கின்றன, எழுத்தை வாசிப்பதற்கும் ஆலோசனைக்கும் அங்கே கேட்கலாம். ஆனால் யாருக்குக் கொடுத்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், உரிமை உங்கள் கோயிலுக்கே இருக்கட்டும்.

ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து சுருட்டிக் கட்டும் முறையைக் காட்டித் தருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம். குழாயும் அலசிக் காயவைத்த பருத்தித் துணியும் தயாராக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்து ஊசிவேலையால் பிழைக்கும் உங்கள் பிள்ளை,
ஹட்டன்.